கண்மாய் நீர்ப்பரப்பு: சென்டினல்-2 படத்தைக் கூர்மையாக்கினால் அளவு சரியாக வருமா?

மானாமதுரைக்காரன்
வணக்கம். சிவகங்கைப் பக்கத்துச் சிறு கண்மாய்களில் மழைக்குப் பிறகு எவ்வளவு பரப்பில் தண்ணீர் நிற்கிறது என்று முதுகலை ஆய்வுக்காகக் கணக்கிடுகிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள், கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள். பல கண்மாய்களில் தண்ணீர் ஒன்றிரண்டு ஹெக்டேருக்குள்தான். கரையோரம் படிக்கட்டு படிக்கட்டாக விழுகிறது. 10 மீட்டர் படத்தை (ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர்) 2.5 மீட்டராக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் போட்டேன். கரையும் உபரிநீர் வழியும் கலுங்கும் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் பரப்பளவு மாறுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

வரைபடப்பிரியன்
இந்தியச் செயற்கைக்கோள் கேமராவான லிஸ்-4 படங்களைப் பாருங்கள் நண்பரே, 5.8 மீட்டர். இஸ்ரோவின் தொலையுணர்வு மையமான என்ஆர்எஸ்சியின் பூநிதி தளத்தில் தேடலாம். தண்ணீரைப் பிரித்தறிய உதவும் குற்றலை அகச்சிவப்புப் பட்டை (அந்த அலைநீள ஒளியில் எடுத்த படம்) மட்டும் அதில் கிடையாது.

செம்மண்
தம்பி, பரப்பளவுக்கு அந்த 2.5 மீட்டர் படத்தைத் தொட வேண்டாம். பயிற்சியில் பார்த்த கரைகளை வைத்து, இங்கேயும் இப்படித்தான் இருக்கும் என்று அது ஊகித்து வரைகிறது. அந்தக் கலுங்கைச் செயற்கைக்கோள் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்ட நல்ல படம். ஆய்வேட்டில் எண்ணாக எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

பச்சைப் பட்டையையும் குற்றலைப் பட்டையையும் ஒப்பிட்டுத் தண்ணீரைப் பிரிக்கும் எம்என்டிடபிள்யூஐ குறியீட்டை நீங்கள் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக இருப்பதால் அதுதான் சரி. சேறு கலந்தால் அண்மை அகச்சிவப்பில் தண்ணீர் வெளிறித் தெரியும், குற்றலையில் அப்போதும் கறுப்பாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால் பச்சைப் பட்டை 10 மீட்டர், குற்றலைப் பட்டையான பி11 20 மீட்டர். ஒரு ஹெக்டேர் சதுரக் குளத்தை எடுங்கள். 20 மீட்டரில் மொத்தம் 25 பிக்சல், அதில் 16 கரையோரம். 10 மீட்டரில் 100 பிக்சல், கரையோரம் 36. உங்கள் பிழை முழுக்க அந்தக் கரையோரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே பி11-ஐ மட்டும் 10 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். சென்டினல் படங்களுக்கான ஸ்னாப் மென்பொருளில் சென்2ரெஸ் என்ற செருகுநிரல் இதற்கென்றே இருக்கிறது. கூடுதல் விவரம் அதே கடப்பில் (செயற்கைக்கோள் ஒருமுறை மேலே கடக்கும்போது) எடுத்த 10 மீட்டர் பட்டைகளிலிருந்து வருகிறது, அதனால் நம்பலாம். சோதிக்கவும் வழி உண்டு: கூர்மையாக்கிய பட்டையை இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சலாகச் சராசரி எடுத்து மூல 20 மீட்டரோடு ஒப்பிடுங்கள். பெரிதாக விலகினால் அந்தக் கண்மாயை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 படங்களின் பிக்சல் எண்களில் 1000 கூட்டியிருக்கும். மீள்செயலாக்கம் செய்த பழைய படங்களிலும் இருக்கலாம், படத்தோடு வரும் தகவல் கோப்பான மெட்டாடேட்டாவில் பார்த்துக் கழியுங்கள். கழிக்காமல் 2019-ஐயும் 2023-ஐயும் ஒப்பிட்டால் எந்தக் கூர்மையாக்கமும் காப்பாற்றாது.

மானாமதுரைக்காரன்
மிக்க நன்றி அக்கா. அடுத்தடுத்த தேதிப் படங்களைச் சேர்த்தால் உண்மையான விவரம் கூடும் என்கிறார்களே?

செம்மண்
கூடும். ஸ்பாட்-5 செயற்கைக்கோள் செய்தது அதுதான்: அரை பிக்சல் தள்ளி எடுத்த இரண்டு 5 மீட்டர் படங்களைச் சேர்த்து 2.5 மீட்டர். ஆனால் அவை இரண்டும் ஒரே கடப்பில் எடுத்தவை. உங்களுக்கு ஐந்து நாள் இடைவெளி. அதற்குள் மடை திறந்துவிட்டால் நீங்கள் சேர்ப்பது இரண்டு வேறு கரைகளை. சாலை, கட்டடம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தண்ணீருக்கு வேண்டாம்.

சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். மரத்தடியில் நிற்கும் தண்ணீர் எந்த ஒளிப்படத்திலும் தெரியாது, எவ்வளவு கூர்மையாக்கினாலும். செயற்கைக்கோள் கடக்கும் நாளன்று சில கண்மாய்களில் ஜிபிஎஸ்ஸோடு நீர் விளிம்பில் நடந்து எல்லை எடுத்து வைத்தால், மற்றவற்றின் பிழை எவ்வளவு என்று எழுத முடியும். வடகிழக்குப் பருவமழையில் மேகமில்லாத நாள் அரிது, அதனால் கடப்புத் தேதிகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.