சங்கத்து அறிவிப்பு பெற்றோருக்குப் போய்ச் சேரவில்லை, வழி சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் செயலாளர்:
தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் சங்கம் இலவச டியூஷன் நடத்துகிறது. வகுப்பு நேரத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பிராட்காஸ்ட் பட்டியல் வழி, அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வசதியில், அனுப்பினால் பல பெற்றோருக்குக் கிடைப்பதில்லை. குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களில் மூழ்கிவிடுகிறது. முகநூலில் நன்கொடையும் கேட்கவேண்டும்.

ரப்பர்மரம்:
அண்ணே, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். பட்டியலுக்கு 256 பேர்தான் உச்சம். சேர்க்கை நாளிலேயே பெற்றோர் கைப்பேசியில் எண்ணைப் பதிய வையுங்கள். அதைவிட நல்லது, குழு அமைப்பில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி மாற்றுவது. பேச்சுக்கு வேறு குழு. ஆனால் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும், அதனால் பிள்ளைகளின் எண்ணைச் சேர்க்கவே வேண்டாம். வாசிக்கச் சிரமப்படும் பாட்டிமாருக்கு அரை நிமிடக் குரல் பதிவு போதும்.

கணக்குப்பிள்ளை:
நன்கொடைக்குச் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் டுயிட்நவ் கியூஆர் (மலேசிய வங்கிகளில் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் குறியீடு) மட்டும் போடுங்கள். ஸ்கேன் செய்ததும் பெறுநர் பெயர் திரையில் வரும். தனிமனிதர் பெயரைப் பார்த்தால் கொடுக்க வந்தவர் தயங்குவார். மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் இல்லாமல் 'வரிவிலக்கு ரசீது உண்டு' என்று எழுதக்கூடாது.

தாமான்வாசி:
முகநூல் பக்கத்தின் முழு அதிகாரம் இருவரிடமாவது இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து அவர் கணக்கு முடங்கினால் பக்கமும் கைவிட்டுப் போகும். நிர்வாகம் மாறும் அன்றே பழையவர் அனுமதியை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். சட்டையில் பெயர்ப்பட்டை தெரிந்தால் அந்தப் படம் வேண்டாம்.