வளவுக்குள்ள கேமராவோட போன கதை: மக்கள் தொடர்பு வேலையில இருக்கிறவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

காரைக்குடி மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில பி.ஏ. ஆங்கிலம் மூணாம் வருஷம் படிக்கிறேன். படிப்பு முடிஞ்சதும் மக்கள் தொடர்புத் துறைக்குப் போகணும்னு ரெண்டு வருஷமா மனசுல ஓடுது. வீட்டுல சொன்னா, "பி.ஆர்.ஓ.ன்னா சினிமாக்காரங்களுக்கு வேலை பாக்குறதுதானே?"ங்கிறாரு அப்பா. "போனும் கையுமா இருக்கிறதுக்கு ஒரு வேலையா?"ங்கிறாங்க அம்மா. எனக்குமே ஆரம்பத்துல, நல்லா ரீல்ஸ் எடுத்து நாலு பேரைப் பாக்க வைக்கிற வேலைன்னுதான் நெனப்பு. போன தை மாசம் நடந்த ஒரு விஷயம் அந்த நெனப்பை மாத்திடுச்சு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு ஆச்சியும் எங்க அப்பத்தாவும் முப்பது வருஷப் பழக்கம். முகப்புப் பக்கத்துல இருக்கிற மூணு அறையை ஆச்சி வெளியூர்க்காரங்க தங்குறதுக்கு விடுறாங்க. அதுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் பாத்துக்க என்னைக் கூப்பிட்டாங்க. மாசம் ஒரு சின்னத் தொகை, போற அன்னிக்கெல்லாம் சாப்பாடு. முதல் நாளே போனைத் தூக்கிட்டு உள்ள போயிட்டேன். திண்ணை, தேக்குத் தூண், வளவுன்னு சொல்ற உள்கூடம், முற்றம், ரெண்டாம் கட்டு, அடுப்படின்னு ஒரே ஓட்டமா எடுத்தேன். வண்ணக் கண்ணாடி வழியா காலை வெயில் இறங்கி தரையில போட்ட ஆத்தங்குடிக் கல்லு மேல பச்சையும் நீலமுமா விழுந்துச்சு. அந்த இடத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். அதுக்கு "யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான செட்டிநாட்டில் ஒரு நாள்"னு தலைப்பு வச்சுப் போட்டேன். ரெண்டு நாள்ல நாப்பதாயிரம் பேர் பாத்தாங்க. அப்பா முன்னாடி போனை நீட்டிக் காட்டினேன்.

மூணாம் நாள் ஆச்சி கூப்பிட்டாங்க. குரலே வேற மாதிரி இருந்துச்சு. "கோலாலம்பூர்லேருந்து பேசினாக. யாரைக் கேட்டு எடுத்தீகன்னு கேக்குறாக. நீ கெளம்பி வா."

வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாம இருக்கலாம். இந்த வீடுகள் ஒருத்தருக்கு மட்டும் சொந்தம் கிடையாது. பாட்டனார் கட்டின வீடு மகன்களுக்கு, அவங்க மகன்களுக்குன்னு பங்காகிட்டே வரும். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், அறை, அறைக்குத் தனிச் சாவி. வளவும் முற்றமும் எல்லாருக்கும் பொது. கல்யாணம், முன்னோருக்குச் செய்ற படைப்புன்னா பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுவாங்க. மத்த நாள்ல பாதிக்கு மேல பூட்டித்தான் கிடக்கும். நான் ஆச்சி ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டுட்டு அத்தனை பேர் வீட்டையும் ஊருக்குக் காட்டியிருந்தேன்.

வீடியோவை அன்னிக்கே நீக்கிட்டேன். அதுக்குள்ள வேற ரெண்டு பக்கத்துல அது ஏறிடுச்சு. மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு போடட்டுமான்னு ஆச்சிகிட்ட கேட்டேன். "யாருக்குடி போடப் போறே? பாத்த நாப்பதாயிரம் பேருக்கா? அவுகளுக்கு நீ என்ன பண்ணினே?"ன்னாங்க. உள்ள போய்ப் பழைய டைரியை எடுத்துட்டு வந்து, ஏழு பங்காளிங்க நம்பரையும் ஒண்ணொண்ணா வாசிச்சு எழுத வச்சாங்க. நானே பேசணும்னு சொல்லிட்டு ஊஞ்சல்ல உக்காந்துட்டாங்க.

ஏழு பேர்கிட்டயும் பேசி முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. எல்லாருக்கும் ஒரே கோபமா இருக்கும்னு நெனச்சிருந்தேன். சென்னையில இருக்கிற அம்மாவுக்கு வீடியோ மேல வருத்தமே இல்லை. ரெண்டாம் கட்டுல அடுக்கியிருந்த பித்தளை அண்டாவும் தவலையும் தெரிஞ்சிருச்சே, பூட்டிக் கிடக்கிற வீடாச்சே, திருடன் கண்ணுல பட்டா என்ன பண்றதுன்னு பயம். பெங்களூர்ல இருக்கிறவருக்கு, நான் எழுதின வாடகை விவரம் அவர் அறையையும் சேர்த்துச் சொல்ற மாதிரி இருந்திருக்கு. ஒருத்தர், "எம் பேரன் அதைப் பாத்துட்டு லீவுக்கு ஊருக்குப் போகணும்கிறான், ஏம்மா எடுத்தே?"ன்னு கேட்டாரு. கோலாலம்பூர் ஐயா சொன்னது ஒரே ஒரு காட்சியை. சாமி அறைக் கதவு திறந்து கிடந்து, முன்னோருக்குப் படைக்கிற துணி வச்சிருக்கிற பெட்டி ஒரு நொடி தெரிஞ்சிருக்கு. "எங்க அப்பத்தா சேலை அதுக்குள்ளதாம்மா இருக்கு"ன்னாரு. அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லலை. எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரலை.

எங்க பாடத்துல மக்களை 'பப்ளிக்ஸ்'னு பன்மையிலதான் சொல்வாங்க, ஒரே கூட்டம் இல்லை, வெவ்வேறு தரப்புன்னு அர்த்தம். க்ரூனிக், ஹன்ட்னு ரெண்டு அறிஞர்கள் 1984-ல பிரிச்சுச் சொன்ன நாலு மக்கள் தொடர்பு முறையும் உண்டு. அதுல கடைசி முறை, ரெண்டு தரப்பும் பேசி, ரெண்டு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கிறது. மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அது என்னன்னு தெரிஞ்சது அந்த ஏழு போன்லதான்.

இப்போ ஒரு நோட்டு போட்டிருக்கேன். எந்த இடத்தை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எதுக்கு யாரைக் கேக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. ஆச்சி கையெழுத்துப் போட்டிருக்காங்க. இந்தத் துறையில இருக்கிறவங்க, இருந்தவங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

சிவகங்கை, செய்தித் துறையில் பணி ஓய்வு பெற்றவர்:

பாப்பா, முதல்ல உன் தலைப்பைத் திருத்திக்கோ. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாரம்பரியச் சின்னமாக அறிவிப்பது அதற்கு அடுத்த கட்டம். அது நடந்த மாதிரி நீ எழுதிவிட்டாய். நாப்பதாயிரம் பேர் பார்த்தார்கள் என்றால், நாப்பதாயிரம் பேரிடம் அந்தத் தவறும் போயிருக்கிறது.

நான் கோபத்தில் சொல்லவில்லை, பட்டதால் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கலெக்டர் விழா முடிந்து வந்து, தட்டச்சு செய்து, ஃபிலிம் ரோலைக் கழுவி, படமும் செய்தியும் ஒரே கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். அங்கே பஸ் நிலையத்தில் ஆள் நின்று வாங்கிப் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டுபோவார். அப்படி ஒரு நாள், 112 பேருக்கு நலத்திட்ட உதவி என்பதை 121 என்று தட்டிவிட்டேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. அதற்கு மறுநாள் மனுக் கொடுத்துக் காத்திருந்தவர்கள் சிலர் பேப்பரோடு வந்தார்கள். "இன்னும் ஒம்பது பேருக்கு எங்க குடுத்தீக?" என்று கேட்டார்கள். அதில் ஒருவர் கால் ஊனமானவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மேலதிகாரி என்னைத் திட்டவில்லை. "நீயே உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் சொல்லு" என்றார். உன் ஆச்சி செய்ததேதான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எந்த எண்ணையும் மூலத் தாளோடு ஒப்பிடாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

உன் அப்பா கேட்டதும் தவறான கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. என்ற சொல்லை ஜனங்களிடம் கொண்டுபோனது சினிமாதான். 1958-ல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த படத்துக்கு அந்த வேலையைப் பார்த்த பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். ஆனால் வேலையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1906 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். ஐவி லீ என்பவர் கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, தெரிந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போனார். முதல் செய்தி வெளியீடு என்று அதைத்தான் சொல்கிறார்கள். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால், நம் பக்கத்துத் தவறையும் சேர்த்து நாமே சொல்வது. ரீல்ஸ் வந்தாலும் வேறு எது வந்தாலும் அந்த வேலை அப்படியேதான் இருக்கிறது.

ஆத்தங்குடி, கல் பட்டறை:

தங்கச்சி, ஐயா சொன்னது எங்க பட்டறையிலயே நடந்துச்சு. அப்பாவும் நானும் அண்ணனும் சேர்ந்து கல்லு போடுறோம். தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். கண்ணாடிப் பலகை மேல இரும்புச் சட்டம், அதுக்குள்ள பூ அச்சு. அச்சோட ஒவ்வொரு கண்ணுக்குள்ளயும் கரண்டியில கலர் கலந்த சிமென்ட்டை ஊத்தணும். அச்சை நேரா மேல தூக்கணும், கை ஆடுச்சுன்னா சிவப்பு மஞ்சள்ல போயிடும். அது மேல காஞ்ச சிமென்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி வைப்போம். சூளைக்குப் போறதே கிடையாது. தண்ணித் தொட்டியில ஊறி, வெளிய காஞ்சு, கண்ணாடியை எடுத்தா அந்த வழவழப்பு அப்படியே வந்திருக்கும். வீட்டுல போட்டு நடக்க நடக்க இன்னும் மினுங்கும்.

இதை நான் போன்ல எடுத்துப் போட ஆரம்பிச்சேன். ஆர்டர் வந்துச்சு, பெங்களூர், கோயம்புத்தூர்னு. ஒரு நாள் பெங்களூர்ல ஒரு வீட்டுக்காரர் எங்க பக்கத்தோட பேரைப் போட்டே ஒரு வீடியோ போட்டாரு. தரை முழுக்க வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு, சில கல்லு முனை உடைஞ்சிருக்கு. கீழ நூத்துக்கணக்குல கமென்ட். "இதெல்லாம் ஏமாத்து, மிஷின்ல அச்சடிச்ச டைல்ஸே தேவலை"ன்னு எழுதியிருந்தாங்க. அண்ணன் உடனே அவரை பிளாக் பண்ணச் சொன்னான். நான் எழுதவும் எழுதிட்டேன், "நீங்க போட்ட கொத்தனார் சரியில்லை"ன்னு. அனுப்புறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட காட்டினேன். அவரு வீடியோவை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பாத்தாரு. "இது அந்த மழை வாரத்துல எடுத்த கல்லுடா. லாரி வந்திருச்சுன்னு காயிறதுக்கு முன்னாடி ஏத்தினோம்"னாரு.

அதையே பேசி எடுத்துப் போட்டேன். தொட்டியைக் காட்டி, இத்தனை நாள் ஊறணும், இத்தனை நாள் காயணும், உங்க கல்லை முன்னாடியே எடுத்துட்டோம், தப்பு எங்களுதுன்னு சொன்னேன். உடைஞ்ச 60 கல்லை மாத்திக் கொடுத்தோம். வெள்ளை பூத்தது துடைச்சுத் துடைச்சு குறைஞ்சுடும்னு எப்படித் துடைக்கணும்னும் காட்டினேன். அந்த மாசம் கையை விட்டுத்தான் போச்சு. கல்லு போய்ச் சேந்ததும் அவரு இன்னொரு வீடியோ போட்டாரு. அதுல எங்க அப்பா பேரைச் சொல்லி "அவர் சொன்னா நம்பலாம்"னாரு. அப்பா அதைப் பாக்கவேயில்லை, அச்சு கழுவிக்கிட்டிருந்தாரு.

தேவகோட்டை, இப்போது சென்னை:

நான் ஒரு பி.ஆர். ஏஜென்சியில ஆறாவது வருஷம். வேலை தேடும்போது ஒண்ணை மட்டும் நல்லா விசாரிச்சுக்கோம்மா. "பி.ஆர்.ஓ. தேவை"ன்னு வர்ற விளம்பரத்துல நிறைய வேற வேலை. ஆஸ்பத்திரியில பி.ஆர்.ஓ.ன்னா பெரும்பாலும் விசாரணை மேஜை, நோயாளியோட சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்றது. சில கல்லூரிகள்ல அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிறது. தப்பான வேலைன்னு சொல்லலை. நான் முதல் வேலையே அப்படி ஒரு மேஜையிலதான் பாத்தேன், அழுதுக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அங்கதான் கத்துக்கிட்டேன். ஆனா தெரிஞ்சு போகணும்.

ஏஜென்சியில காலை ஏழு மணிக்கே பேப்பர் பாக்கணும். எங்க கிளையன்ட் பேர் எங்க வந்திருக்கு, எப்படி வந்திருக்குன்னு பத்து மணிக்குள்ள அறிக்கை போகணும். அப்புறம் நிருபர்களுக்குப் போன். என் முதல் போன் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு துணிக்கடை கண்டாங்கிச் சேலையில புது ரகம் கொண்டுவந்தாங்க. ஆங்கிலத்துல வந்த வெளியீட்டை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி மதுரை நிருபர் ஒருத்தருக்கு அனுப்பிட்டு, அரை மணி நேரத்துல "வந்துச்சா சார்?"னு கேட்டேன். "வந்துச்சும்மா. கண்டாங்கிக்கு 2019-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. இதுல இன்னிக்கு என்ன செய்தி? நெய்யிறவர் யாரு, அவருக்கு என்ன கிடைக்குது, அதைச் சொல்லு"ன்னாரு. கிளையன்ட்கிட்ட அந்த விவரமே இல்லை. நானே காரைக்குடிக்கு வந்து தறிக்குழி பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதினேன். அது வந்துச்சு, படத்தோட. உன் தமிழ் நல்லா இருக்கு, அதை விட்டுடாதே. நல்ல தமிழ்ல ஒரு பக்கம் எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு இங்க நாங்க அலையுறோம்.

1982-ல அமெரிக்காவுல நடந்த டைலனால்ங்கிற வலி மாத்திரை விவகாரத்தைப் படிச்சு வச்சுக்கோ. யாரோ மாத்திரையில சயனைடு கலந்து, சிகாகோ பக்கம் ஏழு பேர் செத்துப் போனாங்க. தப்பு கம்பெனியோடது இல்லைன்னாலும் நாடு முழுக்க மூணு கோடிக்கும் மேற்பட்ட புட்டிகளைத் திரும்ப வாங்கினாங்க. எல்லா நேர்முகத்துலயும் கேப்பாங்க. ஆத்தங்குடி அண்ணன் கதையையும் சேர்த்துச் சொல்லு. அது நீ நேரடியாத் தெரிஞ்சுக்கிட்டது.

காரைக்குடி, மெஸ்:

எங்க கடைக்கு ஒரு தம்பி வந்தாப்ல, ரெண்டு லட்சம் பேர் பாக்குறாகன்னாரு. காசு கொடுத்தா "செட்டிநாட்டுலயே இதான் ஒரிஜினல்"னு சொல்வேன்னாரு. காசு வாங்கினதையும் சொல்வீகளான்னு கேட்டேன், முகம் மாறிடுச்சு. விளம்பரத் தர கவுன்சில் 2021-லயே விதி போட்டிருக்கு, காசு வாங்கிப் பேசினா விளம்பரம்னு போடணும்னு எம் மகதான் சொல்லிக் கொடுத்திருந்தா. அவரைச் சும்மா சாப்பிடச் சொன்னேன், பிடிச்சிருந்தா போடுங்கன்னேன். சாப்பிட்டுக் காசு கொடுத்துட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் போடலை. பரவாயில்லை.

காரைக்குடி மாணவி:

எல்லாரும் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். 112, 121 வந்த இடத்துல மறுபடி வாசிக்கச் சொன்னாரு.

ஐயா, நான் தலைப்பு வச்ச வீடியோ இப்போ இல்லை. ஆனா அதை எடுத்துப் போட்ட ரெண்டு பக்கத்துக்கும் எழுதி, தற்காலிகப் பட்டியல்னு மாத்தச் சொன்னேன். வீடியோவையும் நீக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தர் நீக்கிட்டாரு. இன்னொருத்தர்கிட்டேருந்து பதில் இல்லை, இன்னிக்கு மறுபடி எழுதியிருக்கேன்.

கோலாலம்பூர் ஐயா நேத்து அவரே கூப்பிட்டாரு. வர்ற படைப்புக்கு அவரால வர முடியலையாம். பங்காளிங்க வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும், வேற எங்கயும் போகாம, நான் எடுத்து அனுப்ப முடியுமான்னு கேட்டாரு. ஆச்சிகிட்ட சொன்னேன். மத்த ஆறு பேருக்கும் இப்போவே போன் போடச் சொல்லிட்டாங்க. நாலு பேர் சரின்னுட்டாங்க. ரெண்டு பேர் இன்னும் எடுக்கலை.