மகள் தொடங்கிய புத்தக உதவி, அடுத்து என்ன செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் படுத்திருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று என் ஏழு வயது மகள் தன் கதைப்புத்தகங்களை எடுத்து வைத்தாள், அப்புறம் வகுப்புப் பிள்ளைகளும் கொண்டுவந்து குவிக்க, இப்போது வீட்டில் நடக்க இடமில்லை. கனடாவில் ரயான் ஹ்ரெல்ஜாக் என்ற ஆறு வயதுப் பையன் 1998இல் வீட்டு வேலை செய்து 70 டாலர் சேர்த்ததையும், கிணற்றுக்கு 2,000 டாலர் ஆகும் என்று தெரிந்தும் விடாமல் திரட்டி, அடுத்த ஆண்டே உகாண்டாவில் ஒரு பள்ளிக்குக் கிணறு வந்ததையும் நான்தான் அவளுக்குச் சொன்னேன், தப்பு என்னுடையது!

இப்போது சிலர் பணமும் தருகிறேன் என்கிறார்கள், அதுதான் பயம். சட்டப்படி பொறுப்பைப் பெரியவர்கள்தான் ஏற்க வேண்டும், சரி. ஆனால் புத்தகம் மட்டும் வாங்கிக் கொடுப்பதற்கும் பதிவு செய்ய வேண்டுமா? நோய்த்தொற்று பயத்தால் வார்டில் பழைய புத்தகங்களை மறுப்பார்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.