தரை தேர்ந்தெடுத்த அனுபவங்கள்: கடையில் பார்த்ததும் வீட்டில் தெரிந்ததும்

முதல் பகிர்வு

எங்கள் வீட்டுத் தரையை மாற்ற முடிவு செய்தபோது, வண்ண அட்டைகள் சொல்லாத ஒன்றைக் கடையில் இருந்த முதிய விற்பனையாளர் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடிபோல் மின்னிய ஒரு டைல்ஸை நான் கேட்டதும், "எந்த அறைக்கு?" என்றார். குளியலறை உட்பட வீடு முழுவதற்கும் என்றேன். அவர் அதைக் கீழே வைத்துத் தண்ணீர் தெளித்து, காலணியைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொன்னார். குதிகால் வழுக்கியதும் அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பின்னர் டைல்ஸ் விவரத்தாளில் இருந்த குறியீடுகளைப் படித்துக் காட்டினார். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் காலணியுடன் ஒருவரை நடக்கவைத்து, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்து ஆர்9 முதல் ஆர்13 வரை வகைப்படுத்துவது ஜெர்மானிய முறை. ஆர்9 என்றதும் உயர்ந்த தரம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதுவே வரிசையின் கீழ்ப்படி. நனைந்த தரையில் வெறுங்காலோடு நடக்கும் இடங்களுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை உண்டு. அதில் சி வகைக்கே பிடிப்பு அதிகம். ஆனால் சொரசொரப்பு கூடக் கூட அழுக்கும் அதில் தங்கிவிடும் என்பதால், குளியலறைக்கு நடுத்தரப் பிடிப்புள்ள, பளபளப்பில்லாத மேட் வகையையும், தண்ணீர் சிந்தாத வரவேற்பறைக்கு மட்டும் பளபளப்பானதையும் எடுத்தேன்.

அவர் காட்டிய இன்னொரு சோதனையும் எளிது. டைல்ஸைத் திருப்பி, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சாதாரண செராமிக் அதைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைட் வகையில் சொட்டு அப்படியே நிற்கும், ஏனெனில் அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்காது.

மறுமொழி

மேலே எழுதியவர் வழுக்கலைச் சொன்னார். பளிங்கு போட நினைப்பவர்களுக்காக நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். உறவினர் வீட்டில் சமையல் மேடையின் கீழே பளிங்குத் தரையில் வட்ட வட்டமாக மங்கிய அடையாளங்கள் இருந்தன. எவ்வளவு துடைத்தும் போகவில்லை என்று வருந்தினார். அவை கறை அல்ல. பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மேற்பரப்பு கரைந்து பளபளப்பை இழக்கிறது. அதைத் துடைத்து எடுக்க முடியாது, மீண்டும் தேய்த்து மெருகேற்றத்தான் வேண்டும். அமிலம் கலந்த கழுவுதிரவமும் இதே வேலையைச் செய்யும். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. பளிங்குதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், முழு மெருகு ஏற்றாமல் மங்கலாக முடித்த வகையைப் போடலாம். அதில் இந்த அடையாளங்கள் அவ்வளவாகக் கண்ணில் படாது.

மறுமொழி

எல்லாரும் எதை வாங்குவது என்பதையே பேசுகிறோம். நான் சந்தித்த டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி ஒருவர், அன்று காலையில் தம் உதவியாள் பதித்த ஒரு டைல்ஸை என் கண்முன்னே பெயர்த்துத் திருப்பிக் காட்டினார். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை உருண்டைகள் ஒட்டியிருந்தன. மற்ற இடமெல்லாம் வெறுமை. "அலமாரியின் கால் இந்த வெற்றிடத்தின் மேல் வந்தால் விரிசல் விடும்" என்று சொல்லி, அந்த வரிசையையே மறுபடி பதிக்க வைத்தார். விட்ரிஃபைட் நீரை உறிஞ்சாது என்பது மேலே பாராட்டாகச் சொல்லப்பட்டது. அதே குணத்தால்தான் வெறும் சிமெண்ட் பாலில் அது சரியாகப் பிடிப்பதில்லை. பாலிமர் கலந்த ஒட்டுப்பசையைப் பல்லுள்ள கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்துவிட்டு, அதன்மேல் டைல்ஸை அழுத்தி நகர்த்திப் பதிக்க வேண்டும். உலர்ந்த அறைகளில் முதுகுப் பரப்பில் குறைந்தது 80 சதவீதமும், ஈரமான இடங்களில் 95 சதவீதமும் பசை பட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. காய்ந்த பிறகு ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, கணக்கு முடிப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

மரப்பலகை போன்ற நீள டைல்ஸ் இப்போது நாகரிகமாக இருக்கிறது. சூளையிலிருந்து வரும்போதே அவற்றின் நடுப்பகுதி இம்மியளவு வளைந்திருப்பது இயல்பு. செங்கல் வரிசைபோல் பாதிக்குப் பாதி மாற்றி அடுக்கினால், ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனைக்கு அருகில் வந்து கால் விரலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி அடுக்கினால் இந்த ஏற்ற இறக்கம் பெருமளவு குறையும். சந்தே இல்லாமல் ஒட்டச் சொல்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் 2 மில்லிமீட்டராவது விட மறுக்கும் மேஸ்திரியை நான் நம்ப மாட்டேன்.

பெட்டிகள் வந்திறங்கியதும் உற்பத்தித் தொகுதி எண்ணும் நிறச் சாயல் எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது உங்கள் வேலை. வெட்டுச் சேதத்துக்காகச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அதே சாயல் கிடைப்பது அரிது.

மறுமொழி

மரத்தோற்றம் கொண்ட லேமினேட் பலகைத் தரை பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலுக்கு இதமாக இருக்கிறது, விரைவில் போட்டு முடிக்கலாம், ஏசி3, ஏசி4 போன்ற தேய்மானக் குறியீட்டைப் பார்த்து வாங்கினால் கீறலையும் ஓரளவு தாங்கும். அதன் உட்பகுதி அழுத்திய மரநார்ப் பலகை என்பதால் தண்ணீர் இறங்கினால் இணைப்புகள் உப்பிவிடும். உப்பியது மறுபடி அமுங்காது. கான்கிரீட் தளத்தில் ஈரம் இருக்கிறதா என்று அறிய, ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி வைத்து மறுநாள் பிரித்துப் பார்த்தோம். அடியில் நீர் முத்துகள் கோத்திருந்ததால் அந்த அறைக்கு மட்டும் லேமினேட்டை விட்டுவிட்டு டைல்ஸுக்கு மாறினோம். மற்ற அறைகளில் பலகை விரிவதற்காகச் சுவரோரம் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங் எனும் சுவரடிப் பட்டையால் மறைத்தோம்.

மறுமொழி

பழைய தரையின் மேலேயே புதிதாகப் போடுபவர்கள் கதவுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டைல்ஸும் பசையும் சேர்ந்து தளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். கதவின் அடி உரசும், குளியலறைத் தளம் உயர்ந்தால் அதற்கும் அறைக்கும் இடையிலான படியின் உயரம் குறைந்துவிடும். நாங்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே கதவுகளைக் கழற்றி அடியை இழைத்துக்கொண்டோம், குளியலறையில் மட்டும் பழைய தரையைப் பெயர்த்து எடுத்து வாட்டத்தைப் புதிதாகப் பிடித்தோம்.