மறு: வழங்கியில் மடல்களைத் தரவுத்தளத்தில் வைப்பது – காப்பகமா, சேமகமா?

நண்பர்களே,

அஞ்சல் வழங்கியைக் (சர்வர்) கடக்கும் மடல்களைத் தரவுத்தளத்தில் வைக்கும் மென்பொருளின் இடைமுக மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். உள்வரும் அஞ்சல், வெளிச்செல்லும் அஞ்சல், தரவுத்தளம் மூன்றிலும் சண்டை இல்லை. ஆர்க்கைவ் (archive) என்பதற்குக் ‘காப்பகம்’ என்பதா, ‘சேமகம்’ என்பதா என்ற ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது.

> ‘காப்பு’ பேக்கப்புக்குப் போய்விட்டது. ஆர்க்கைவுக்குச் ‘சேமகம்’ போதும்.

பேக்கப் என்பது வழங்கி விழுந்தால் மீட்டெடுப்பதற்கு. அது இரவில் மட்டும் ஓடுகிறது என்றால், காலையில் வந்து மதியமே அடியோடு அழிக்கப்பட்ட மடல் அதில் இருக்காது. நாம் பேசுவது வேறு. மடல் வழங்கியைக் கடக்கும்போதே ஒரு படி தரவுத்தளத்துக்குப் போய்விடுகிறது. பயனர் பிறகு தன் பெட்டியில் எதை அழித்தாலும் அந்தப் படி அசையாது. நாளை ஒரு வழக்கு வந்தால் எடுத்து ஒப்பிடலாம். ‘சேமி’ இந்தப் பொருளைத் தாங்காது. கோப்பைச் சேமிக்கும் பொத்தானுக்கும் அதே சொல்தானே.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையைப் பாருங்கள். கிழவராய் வந்த சிவன் நீட்டிய அடிமை ஓலையை நம்பியாரூரர் (சுந்தரர்) கிழித்துப்போட்டார். கிழவர் மூல ஓலையை வெண்ணெய்நல்லூர் அவையில் காட்டினார். அதோடு விடவில்லை. அது நம்பியாரூரரின் பாட்டனார் எழுத்துதானா என்று தெளிய, அவர் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து ஒப்புநோக்கினார்கள். சேக்கிழார் அங்கே ஆளும் சொல்லே ‘காப்பு’தான். 12ஆம் நூற்றாண்டிலேயே சரியான பொருளில் நின்ற சொல்லை ஏன் விட வேண்டும்? பேக்கப்புக்கு ‘மாற்றுப்படி’ என்று வைத்துக்கொள்வோம்.

> மடல் + காப்பகம் = மடற்காப்பகம். புணர்ச்சியை விட முடியாது.

இலக்கணப்படி சரி. ஆனால் உதவிப் பக்கத்தில் ‘மடல்’ என்று தேடுபவருக்கு ‘மடற்காப்பகம்’ அகப்படாது. ‘மின்னஞ்சல் காப்பகம்’ என்றால் இந்தத் தகராறே எழாது. (பனை மடலிலிருந்து மடலேறுதல் வரை போன பேச்சை விரும்பிப் படித்தேன். தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன்.)

உண்மையான சிக்கல் வினைச்சொல்லில். ‘காப்பகப்படுத்து’ பொத்தானில் அடங்காது. அதோடு அஞ்சல் செயலிகளில் அது உள்பெட்டியிலிருந்து மடலை நகர்த்துவதை மட்டும் குறிக்கிறது. நிர்வாகி அதைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொள்வார். ‘காப்பிலிடு’ குறுகியது, தெளிவானது.

> பிசிசி (மறைநகல்) பெறுநர்களை எப்படிப் பிடிப்பது?

நல்ல கேள்வி. வந்து சேரும் மடலின் தலைப்பகுதியில் அந்த முகவரிகள் பொதுவாக இருக்காது. எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) உரையாடலில் வழங்கிக்குத் தனியாகச் சொல்லப்படுகின்றன. எல்லா மடலுக்கும் தானாக ஒரு நகலை வேறு முகவரிக்கு அனுப்பும் முறையில் அவை நழுவிவிடும். வழங்கியோடு இணையும் மில்டர் (அஞ்சல் வடிகட்டி நிரல்) வழியாகப் பிடித்தால் கிடைக்கும். வழங்கிக்குச் சொல்லப்படும் அந்த முகவரித் தகவலுக்கு (envelope) ‘உறை’ என்று முன்பே ஒத்துக்கொண்டோம். ‘உறைப் பெறுநர்’ என்று தரவுத்தளப் புலத்துக்குப் பெயர் வைக்கலாம். மடலுக்குள் எழுதியிருக்கும் பெயர் வேறு, உறைமேல் எழுதியிருக்கும் பெயர் வேறு என்பது யாருக்கும் புரியும்.

‘காப்பு’ என்றால் கைவிலங்கு ஞாபகம் வருகிறது என்ற மறுப்பும், சேமகத்தை விடமாட்டேன் என்ற குரலும் அப்படியே நிற்கின்றன. ஆனாலும் பெரும்பாலோர் காப்பகத்தின் பக்கம். அதனால் கோப்பில் ‘மின்னஞ்சல் காப்பகம்’, ‘காப்பிலிடு’ என்று போடுகிறேன். சொற்பட்டியலில் சேமகம் மாற்றாக இருக்கும்.

அப்புறம், ‘ஜர்னலிங்’ (வந்துபோகும் ஒவ்வொரு மடலையும் பதிந்துவைப்பது) என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. ‘நாளேடு’ செய்தித்தாள் ஆகிவிடும். வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.