சீகைத் தோப்பும் நீலகிரிக் காட்டுப்புறாவும்: வெட்டலாமா, விடலாமா?

சோலைமணி:
நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியை மீட்கச் சீகை (ஆங்கிலத்தில் வாட்டில்) மரங்களை ஒரேயடியாக வெட்டிவிட வேண்டும் என்று கோத்தகிரியான் அவர்கள் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. விறகுக்காகவும் தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம்தான் அது. ஆயினும் முதிர்ந்த தோப்புகளின் நிழலில் இன்று சோலை எனப்படும் மலைக்காட்டின் மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மட்டும் வாழ்கிற, பிடரியில் சதுரங்கக் கட்டம் போன்ற கோலத்தைச் சுமக்கிற காட்டுப்புறாவுக்கு, பெரிய கனிகளையும் முழுதாக விழுங்கும் அந்தப் பறவைக்கு, நாளைய உணவு அந்தக் கன்றுகளில்தான் இருக்கிறது.

கோத்தகிரியான்:
கன்றுகள் முளைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எங்கே முளைக்கின்றன என்று பாருங்கள். சோலை மலைமடிப்புகளில் ஒதுங்கி வளர்வது. அதைச் சூழ்ந்த மேடுகள் புல்வெளிகள். மழைநீரை உள்வாங்கி ஓடைகளுக்கு மெல்ல விடுகிற அந்தப் புல்வெளியைச் சீகை மூடிவிட்டால், ஓடையை நம்பியிருக்கும் பழைய சோலையும் நாளடைவில் நலியும். புறாவுக்கு இன்று வேண்டியவை கனி தரும் முதிர்ந்த மரங்கள். நீங்கள் காட்டும் கன்றுகள் அந்நிலையை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். வரையாடுகளுக்கோ புல்வெளியை விட்டால் வேறு மேய்ச்சல் நிலமே இல்லை.

பறவைநோக்கி:
ஒரு முறைக்கு ஒரே முட்டையிடும் பறவை இது. எண்ணிக்கை குறைந்தால் விரைவில் மீளாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாகவே வகைப்படுத்தியுள்ளது. கனி பழுக்கும் பருவத்துக்கேற்ப இடம் மாறும் வழக்கமும் இதற்கு உண்டு என்பதால், ஒரு சோலையை மட்டும் காத்தால் போதாது.

சோலைமணி:
அதனால்தான் சோலைகளுக்கு இடையிலுள்ள தோப்புகளைக் கேட்கிறேன். மேலும், சீகையை வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும், மண்ணில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் அதன் விதைகள் அடர்ந்து முளைத்துவிடுகின்றன. வேரிலிருந்தும் துளிர்கள் கிளம்புகின்றன. ஒரே வீச்சில் வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டால், புல்லும் திரும்பாது, சோலைக் கன்றுகளும் மிஞ்சாது.

கோத்தகிரியான்:
வெட்டிய பின் ஆண்டுதோறும் களை பிடுங்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும்; அது வெட்டக்கூடாது என்பதற்குக் காரணமாகாது. ஓடைக்கரையில் சோலையை ஒட்டி, கன்றுகள் அடர்ந்து நிற்கும் தோப்புகளை விட்டுவைக்க நான் உடன்படுகிறேன். மேட்டுப் புல்வெளியில் நிற்கும் சீகையை விட்டுவைக்க மாட்டேன்.

சோலைமணி:
மேட்டிலும் கன்றுகள் உள்ள தோப்புகள் இருக்கின்றனவே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்மானிக்கும் வரை கோடரி வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு.