மண்பாதைக்கு எந்தக் கைப்பம்பு வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களை ஒட்டிய மண்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். 29 அங்குலச் சக்கரம், 2.25 அகல டயர், உள்ளே டியூப், பிரெஸ்டா வால்வு (முனையில் குட்டித் திருகு உள்ள ஒல்லி வகை). காற்றழுத்தம் 25லிருந்து 30 பிஎஸ்ஐ வைப்பேன்.

கையில் இருப்பது ரோடு சைக்கிளுக்கான ஒல்லிப் பம்பு. 120 பிஎஸ்ஐ வரை ஏற்றுமாம், எனக்கு அது எதற்கு? இந்தத் தடி டயருக்கு வேண்டியது ஒரு தள்ளலுக்கு நிறையக் காற்று. இதில் அடித்தால் தோள்பட்டை இறங்கிவிடும், டயர் எழுந்திருக்காது.

ஹோஸ் வைத்ததா, வால்வில் நேரடியாக மாட்டுவதா என்பதுதான் பெரிய குழப்பம். நேரடியாக மாட்டும்போது கை ஆடினால் பிரெஸ்டாவின் மெல்லிய முனை வளைந்துவிடும். மரை போட்ட ஹோஸ் என்றால், கழற்றும்போது சிலசமயம் வால்வுக்குள் காற்றை அடைக்கும் பாகமும் (கோர்) கூடவே சுழன்று வந்து, ஏற்றிய காற்றெல்லாம் புஸ்ஸென்று போய்விடுகிறது. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அப்புறம், சார்ஜ் போடும் குட்டிப் பம்பு இந்த அளவு டயருக்குத் தாங்குமா? அழுத்தி அடைத்த வாயுவால் டயரை நிரப்பும் சிஓ2 குப்பி வேண்டாம். ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்தது, கருவேல முள் ஒன்றோடு நிற்பதில்லை.

2,500 ரூபாய்க்குள், பைக்குள் அடங்குவதாக இருந்தால் நல்லது. பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்.